ஃப்ளை ஃபிஷிங், ட்ரவுட், நம்ம குமரி மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரவுட் என்பது குளிர்ந்த ஆற்றில் வாழும் மீன். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியால் அதைப் பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங். ஆற்றங்கரையில் நின்று கேட்பவர்களும், இமாச்சலத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போனில் கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

நாம் போடும் தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் தூண்டிலில் எடை முனையில் இருக்கும். ஈயக்குண்டு, தக்கை, இரை எல்லாம் சேர்ந்து ஒரு கனம். அதைச் சுழற்றி எறிந்தால் தங்கூஸ் பின்னால் போகும். ஃப்ளை என்ற அந்தப் பொய்ப்பூச்சிக்கு அந்தக் கனம் கிடையாது. கையில் எடுத்து எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் எடையை லைனுக்குள் வைத்துவிட்டார்கள். பூச்சுப் போட்ட தடித்த லைன் அது. வீசுவது லைனைத்தான், ஃப்ளை அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

லைனுக்கு நம்பர் உண்டு. முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து அந்த நம்பர். ட்ரவுட்டுக்குப் பரவலாகப் பயன்படும் 5ஆம் நம்பர் லைனில் அந்த 30 அடி சுமார் 9 கிராம். ராடும் (தூண்டில் கோல்) அதே நம்பரில், 9 அடி நீளத்தில் வாங்கினால் சரியாக இருக்கும். லைன் முனையில், போகப் போக மெலியும் 9 அடி லீடர். அதன் நுனியில் டிப்பெட் என்ற மெல்லிய நரம்பு. 5எக்ஸ் என்று விற்கும் டிப்பெட்டின் கனம் 0.15 மில்லிமீட்டர். ரீலைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். சின்ன ட்ரவுட்டுக்கு அது லைன் சுற்றி வைக்கிற ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

“அண்ணே, இதுல இரை எங்க?”

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே பரளியாற்றில் ராடை விரித்தால் எந்தப் பையனும் முதலில் கேட்பது இதுதான். இரை கிடையாது தம்பி. மீன் தினமும் தின்கிற பூச்சியின் உருவம் மட்டும் இருக்கிறது.

ட்ரவுட் ஆற்றில் முக்கியமாக மூன்று கூட்டம்: மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை. மூன்றும் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியில், கல்லோடு கல்லாகக் கழிக்கும். சிறகு முளைத்து வெளியே பறப்பது கடைசியில் கொஞ்ச காலம். மேஃப்ளையில் சில இனங்களுக்குச் சில மணி நேரம்தான். (சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகத்திலேயே மேஃப்ளை மட்டும்தான்.) ஆக மீனின் சாப்பாடு பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில். அடியில் உருண்டு வரும் குஞ்சுப் பூச்சியைப்போலக் கட்டுவது நிம்ஃப். மேலே மிதக்கிற மாதிரி கட்டுவது டிரை ஃப்ளை. பொடிமீன் நீந்துவதுபோல இழுத்து ஏமாற்றுவது ஸ்ட்ரீமர்.

இதே பூச்சிக் கூட்டங்கள் நம்மிடமும் இருக்கின்றன. காளிகேசம் பக்கம் போனால் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரு குட்டிக் குழாய் இருக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தால் அதன் வாயிலிருந்து கறுத்த தலையும் முன்காலும் வெளியே வரும். விரல் நிழல் பட்டால் சட்டென்று உள்ளே போய்விடும். அது கேடிஸ். பக்கத்தில் தட்டையாக, பின்னால் மயிரிழை போல மூன்று வாலோடு ஒன்று நழுவி ஓடினால் அது மேஃப்ளைக் குஞ்சு. பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

இந்தத் தந்திரம் நேற்று வந்ததல்ல. மாசிடோனியாவில் கொக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் இறகு இரண்டை வைத்துக் கட்டி ஆற்றில் புள்ளி மீன் பிடித்ததைப் பற்றி ஏறத்தாழ 1800 ஆண்டுக்கு முந்தைய குறிப்பு இருக்கிறது.

நம்ம கோதையாற்றில் ட்ரவுட் உண்டா?

இல்லை. பேச்சிப்பாறையிலும் இல்லை, பெருஞ்சாணியிலும் இல்லை. யாராவது திற்பரப்பில் பிடித்தேன் என்று சொன்னால் போட்டோ கேளுங்கள். வேறு மீனாக இருக்கும்.

காரணம் தண்ணீரின் சூடு. ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை சுகம். 20ஐத் தாண்டினால் திணறும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சமவெளிக்கு இறங்கிய நம் ஆறுகள் வருடத்தின் பெரும்பகுதி 25க்கு மேல்தான் ஓடுகின்றன. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், 28 டிகிரியில் 8க்குக் கீழே வந்துவிடும். சிலேபிக்கும் கெளுத்திக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ட்ரவுட்டுக்கு அது மூச்சு முட்டும் இடம்.

மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் எல்லாம் குளிர்தானே? குஞ்சு கொண்டுவந்து விட்டால் என்ன?

இந்த யோசனையை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் வேண்டவே வேண்டாம்.

முதலில், அந்த மலை ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அங்கே தூண்டில் போடுவதே குற்றம். வெளிமீனை விடுவது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டாவது, நம் உடம்புக்குக் குளிர்கிறது என்பதை வைத்து ட்ரவுட்டுக்கும் அது போதும் என்று சொல்ல முடியாது. தென்னிந்தியாவில் அது தங்கிய இடங்கள் நீலகிரியிலும் மூணாறிலும் உள்ள இன்னும் உயரமான மேடுகள். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய காரணம். வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் இரண்டுமே உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சின்னச் சின்ன மீன்களும் தவளைகளும் வாழ்கின்றன. அவற்றை ட்ரவுட் தின்று தீர்க்கும். அதே பட்டியலில் இருக்கும் சிலேபியை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் குளங்களில் வேறு மீனைத் தேட வேண்டியிருக்கிறது. ஒன்று போதாதா?

சரி, அப்போ எங்கே போவது?

இந்தியாவில் எங்குமே ட்ரவுட் சொந்த மீன் இல்லை. பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவின் மீன். வானவில் ட்ரவுட் பசிபிக் ஓர அமெரிக்காவின் மீன். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தார்கள். காஷ்மீருக்கு 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகள் வந்து சேர்ந்தன. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள்.

நமக்கு அருகில் என்றால் நீலகிரி, மூணாறு. இரண்டிலும் பெரும்பாலான தண்ணீர் காட்டுக்குள்ளோ தனியார் கட்டுப்பாட்டிலோ இருப்பதால், போவதற்கு முன் மீன்வளத்துறையிலும் வனத்துறையிலும் விசாரிக்காமல் பஸ் ஏறாதீர்கள். ஆற்றங்கரையில் சுதந்திரமாக நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றால் என் ஓட்டு இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ், அங்கிருந்து மணாலி போகும் இரவு பஸ்ஸில் ஔட், அப்புறம் பஞ்சார் வழியாகப் பள்ளத்தாக்குக்குள். ஆறு உருவாகும் இடம் பெரிய இமயமலைத் தேசியப் பூங்கா. பூங்காவுக்கு வெளியே கீழே வரும் பகுதியில்தான் தூண்டில். மீன்வளத்துறை லைசென்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ட்ரவுட் முட்டையிடும் காலம் என்பதால் தடை. மார்ச், ஏப்ரலும் மழை முடிந்த செப்டம்பர் கடைசி, அக்டோபரும் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் போனால் கலங்கல் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம்.

ட்ரவுட் ஆற்றில் ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியற்காலையில் எழ வேண்டாம். கடலுக்குப் போகிற நம் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. மார்ச், ஏப்ரலில் பனி உருகிய தண்ணீர் காலையில் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும். மீன் மந்தமாக அடியில் கிடக்கும். வெயில் தண்ணீரில் விழுந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு போனால் போதும். நிதானமாகப் பரோட்டாவும் டீயும் முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

ஆற்றில் இறங்கியதும் ராடை எடுக்காதீர்கள். முதல் வேலை கல் புரட்டுவது. எந்தப் பூச்சி, எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று பார்த்து, பெட்டியில் அதற்கு நெருக்கமான நிம்ஃபை எடுப்பது. கொக்கி நம்பர் தலைகீழாகப் போகும்: 18 என்பது 14ஐவிடச் சிறியது.

அடுத்து, மீன் எங்கே நிற்கும் என்று பார்ப்பது. நாள் முழுவதும் நடக்கும் வேலையே இதுதான். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆனால் வலுவான ஓட்டத்தில் நின்று சக்தியைச் செலவழிக்காது. சாப்பாடு வரும் ஓட்டத்துக்குப் பக்கத்தில், தனக்கு அலைச்சல் இல்லாத இடத்தில் நிற்கும். பெரிய பாறைக்குப் பின்னால் ஒரு இடம். பலருக்குத் தெரியாதது, அதே பாறைக்கு முன்னால் தண்ணீர் மோதித் தேங்கும் சின்ன மெத்தை போன்ற இடம். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோடு, அதில் நுரை வரிசையாக வரும். நுரை போகிற பாதையில்தான் பூச்சியும் போகும். மடுவின் வால்பகுதி, ஆழம் குறைந்து தண்ணீர் கண்ணாடி போல் வழியும் இடம், மாலையில் அங்கே பார்க்க வேண்டும்.

மீன் மேலோட்டத்தைப் பார்த்து நிற்பதால் நாம் கீழோட்டப் பக்கமிருந்து, அதன் பின்னாலிருந்து வர வேண்டும். தண்ணீருக்கு மேலே உள்ள உலகம் அதற்கு 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் மட்டும் தெரியும். குனிந்து, மெதுவாக, கல் உருளாமல் நடந்தால் ஆச்சரியப்படும் அளவுக்குப் பக்கத்தில் போகலாம்.

வீசியபின் ஃப்ளை ஓட்டத்தோடு தானாக வர வேண்டும். நமக்கும் ஃப்ளைக்கும் நடுவே வேகமான ஓட்டம் இருந்தால் அது லைனை இழுக்கும், லைன் ஃப்ளையை இழுக்கும், பொய்ப்பூச்சி தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது என்று மீனுக்குத் தெரியும். அதற்குத்தான் லைன் விழுந்தவுடன் ராடு நுனியால் அதை மேலோட்டப் பக்கம் புரட்டிப் போடுவது. வீச்சைவிட இதுதான் மீன் பிடித்துத் தருகிறது என்பது என் கட்சி.

பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் தண்ணீர் கொஞ்சம் சூடாகும். திடீரென்று ஆற்றின்மேல் சாம்பல் நிறப் பூச்சிகள், சிறகைப் பாய்மரம் போல் நிமிர்த்திக்கொண்டு மிதந்து வரும். ஒன்று மிதந்து வருகிறது, நுரைக்கோட்டை ஒட்டி வருகிறது, ஒரு மூக்கு எழுகிறது, பூச்சி இல்லை. சத்தமே இருக்காது; சின்ன வளையம் மட்டும். இப்போது நிம்ஃபை அறுத்துவிட்டு 16ஆம் நம்பர் டிரை ஃப்ளை கட்ட வேண்டும், கை நடுங்காமல். வளையம் வந்த இடத்தில் வீசக் கூடாது; அதற்கு இரண்டு மூன்று அடி மேலே விழ வேண்டும். மீன் எடுத்ததும் வெடுக்கென்று இழுக்காமல் ராடை உயர்த்தினால் போதும். 0.15 மில்லிமீட்டர் நரம்புதான் நடுவில் இருக்கிறது. அது ஓடினால் ஓட விடுங்கள்.

மே மாதமானால் மதியத்துக்கு மேல் மேலே பனி உருகி ஆறு ஏறும், கலங்கும். அந்த நேரத்துக்கு ஸ்ட்ரீமர், அல்லது பாறைமேல் படுத்து ஒரு தூக்கம். நான் பெரும்பாலும் தூக்கம். சாயங்காலம் கேடிஸ் பூச்சிகள் கரையோரச் செடிகளிலிருந்து கிளம்பித் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். காலையில் கூடாது என்று சொன்ன இழுப்பு அப்போது மட்டும் கொஞ்சம் செல்லும்.

எத்தனை கிட்டும்? புதிதாகப் போகிறவருக்கு ஒன்று கிட்டினால் அது நல்ல நாள்.

வீசப் பழக எங்கே போவது?

தண்ணீரே வேண்டாம். பள்ளி மைதானமோ அறுவடை முடிந்த வயலோ போதும். கொக்கி இல்லாமல், நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூல் கட்டிப் பழகுங்கள். கடிகார முகம் ஒன்றைப் பக்கத்தில் நினைத்துக்கொண்டு, பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் ராடு நிற்க வேண்டும். பின்னால் வீசியதும் லைன் முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் சாட்டைபோல் படார் என்று கேட்கும், ஃப்ளை போயிருக்கும். பலம் வேண்டியதில்லை. ரப்பர் வெட்டுகிற கைக்கு இது சீக்கிரம் வரும் என்று நினைக்கிறேன். அங்கேயும் அழுத்தினால் மரம் கெட்டுவிடும், ஒரே சீரான இழுப்புதான்.

நம் ஊரில் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தென்னை இருக்கும். அதனால் லைனைப் பின்னால் கொண்டுபோகாமல் தண்ணீரிலிருந்தே முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட்டை முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் பழகப் போகாதீர்கள். காற்றாலைக்கு நல்ல காற்று ஃப்ளை லைனுக்கு ஆகாது. கடைசியாக, விளையாட்டில்லாத விஷயம்: இந்த ராடுகள் கார்பனால் ஆனவை, மின்சாரம் பாயும். மின்கம்பி போகும் இடத்தில் ராடையே விரிக்கக் கூடாது.

தொப்பியும் கண்ணாடியும் எப்போதும் வேண்டும். காதுக்குப் பக்கத்தில் கொக்கி பறக்கிற வேலை இது.

ஃப்ளையை வீட்டிலேயே கட்ட முடியுமா?

முடியும், மலிவாகவும் முடியும். கொக்கியும் அதைப் பிடிக்கும் சிறு இடுக்கியும் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றி இருக்கிறது. நாட்டுச் சேவலின் கழுத்து இறகு டிரை ஃப்ளையை மிதக்க வைக்கும். பிராய்லர் கோழி இறகு எதற்கும் ஆகாது. விளையில் உதிர்ந்து கிடக்கும் மயில் தோகையின் ஒற்றை இழையைச் சுற்றினால் நிம்ஃபுக்கு மினுமினுக்கும் பச்சை உடம்பு கிடைக்கும். உதிர்ந்ததை மட்டும் எடுங்கள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. தேங்காய் நாரை நன்றாகப் பிசிறெடுத்துச் சுற்றினால் கேடிஸ் கூட்டின் முரட்டு நிறம் அப்படியே வரும்.

ட்ரவுட் இல்லாத நம் மாவட்டத்தில் இந்த ராடை வைத்து என்ன செய்வது?

நிறைய. ஆற்றின் கீழ்ப்பகுதியில், குழித்துறை சப்பாத்து மாதிரியான இடங்களில், பொடிக்கெண்டைகள் 18ஆம் நம்பர் டிரை ஃப்ளைக்குப் போட்டி போட்டுக்கொண்டு வரும். விரல் நீள மீன்தான். ஆனால் இழுப்பில்லாமல் ஃப்ளையை மிதக்க விடவும் நேரத்துக்கு ராடை உயர்த்தவும் இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. சிலேபிக்குச் சின்ன நிம்ஃபை அடியோடு அடியாக மிக மெதுவாக இழுக்க வேண்டும்.

விரால் வேறு கதை. தாமரையும் பாசியும் மண்டிய குளத்தில், தவளை போல் கட்டிய பெரிய ஃப்ளையை இலைமேல் விழவிட்டு, இலையிலிருந்து தண்ணீருக்கு நழுவ விட வேண்டும். பாசி மாட்டாமலிருக்கக் கொக்கிக்கு முன்னால் தடித்த தங்கூஸ் வளையம் ஒன்று கட்டிவிடுங்கள். 5ஆம் நம்பர் ராடு இதற்குப் போதாது, 8 வேண்டும். மணக்குடி, தேங்காப்பட்டணம் பொழிமுகங்களில் அதே 8ஆம் நம்பருக்குப் பாரைக்குஞ்சும், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவாவும் வரும். வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும். வலை போட்டிருக்கும் இடத்தில் நின்று வீசாதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

அனுமதி, ஆபத்து?

சரணாலயத்துக்குள் கிடையாது. குளங்கள் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், ஏனென்றால் நாம் ஒன்றும் பிடிக்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அணைக்குக் கீழே நிற்பவர்கள் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் போங்கள். பேச்சிப்பாறை 48 அடி அணை. நிறைந்துவரும் சமயம் உபரிநீர் எப்போது வேண்டுமானாலும் திறக்கப்படலாம். நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் ஆற்றுக்குள் இறங்கி நிற்பது புத்தியில்லாத வேலை. இமயமலையில் ஆபத்து வேறு: குளிர்ந்த தண்ணீரும் வழுக்குப் பாறையும். முட்டிக்கு மேல் இறங்க வேண்டாம். ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்கட்டும். இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவது போல் அங்கே இறங்கினால் ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும்.

பிடித்த மீனைத் திரும்ப விடுகிறீர்களாமே, பைத்தியமா?

பக்கத்து வீட்டுப் பாட்டியும் இதைத்தான் கேட்கிறார். “என்ன மக்கா, பிடிச்சதை விடுவதுக்கா இவ்வளவு தூரம் போன?” குளிர்ந்த ஆற்றில் மீன் மெதுவாகத்தான் வளரும். வருகிறவர்கள் எல்லாரும் கொண்டுபோனால் சில வருடத்தில் ஆறு காலி. லைசென்ஸில் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும், அதற்குள் ஒன்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை.

விடுவதாக இருந்தால் ஒழுங்காக விட வேண்டும். கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் சுலபமாகக் கழன்று வரும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள்; காய்ந்த கை மீனின் மேல்வழுவழுப்பை உரித்துவிடும், அங்கே பூஞ்சை பிடிக்கும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கிப் பிடித்தால் அதுவாகவே உதறிக்கொண்டு போகும். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் அன்றைக்குத் தூண்டிலையே சுருட்டிவிட வேண்டும்.

ருசி எப்படி?

முள் குறைவு, சதை மென்மை, வாடை இல்லை. வெண்ணெயும் உப்பும் போட்டுச் சுட்டால் நன்றாக இருக்கும். தேங்காய் அரைத்துப் புளி விட்டு நம் ஊர்க் குழம்பு வைத்தால் மீன் இருக்கிற இடமே தெரியாது. மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளச் சாளைதான், அதில் பேச்சே இல்லை.

ராடை ரயிலில், விமானத்தில் கொண்டுபோகலாமா?

நான்கு துண்டாகக் கழலும் ராடு வாங்குங்கள். குழாய்ப் பெட்டியில் போட்டால் மூன்றடிக்குள் அடங்கும். ரயிலில் மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம், சீட்டுக்கு அடியில் வைத்தால் யாராவது பெட்டியை இடித்துத் தள்ளுவார்கள். விமானத்தில் கொக்கி, குறடு, கத்தரி எல்லாம் லக்கேஜில்தான் போட வேண்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.